லாப்ரடாரா, பீகிளா? வளர்ந்த நாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள்
இரண்டு இனங்களில் எது என்று குழப்பமா? குட்டியைப் பார்க்கும் முன், இரண்டிலும் வளர்ந்த நாய் ஒன்றை அது நடைக்குக் கிளம்பும் நேரத்தில் போய்ப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போது எல்லாமே சாதுவாகத்தான் தெரியும். எந்த வேலைக்காக உருவாக்கப்பட்ட இனமோ, அந்தக் குணம் வளர்ந்த பிறகுதான் முழுசாக வெளிப்படும். பீகிள் முயலை மோப்பம் பிடித்துத் துரத்த உருவாக்கப்பட்டது. மூக்கைத் தரையில் வைத்துவிட்டால் கூப்பிடுவது காதில் ஏறாது, குரலும் பெரிசு. வேட்டையில் விழுந்த பறவையை எடுத்து வரும் லாப்ரடார் சொன்ன பேச்சைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், ஆனால் 30 கிலோ எடையோடு வாரை இழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்த வாரை அவர்கள் கையிலும் ஒரு நிமிடம் கொடுத்துப் பாருங்கள்.

கலப்பின நாய்க்கும், வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதற்கும் இது பொருந்தாது. அங்கே இனத்தை விடுங்கள், அந்த நாயோடு பழகிப் பாருங்கள்.