எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்: கல்லாக் கணினி இணையாதபோது

புறக்கோட்டை மொத்தக்கடை ஒன்றில் மேல்மாடி சர்வரில், மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸின் மேல் பில் மென்பொருள் ஓடியது. கீழே கல்லாக் கணினியில் பிழை 26, அதாவது சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி (வலையமைப்பு வழியாக இணையும் முறை) தொடக்கத்திலேயே அணைந்திருக்கும். எஸ்கியூஎல் சர்வரின் அமைப்புக் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை எனேபிள் செய்து சேவையை மறுதொடக்கம் செய்தும் அதே பிழை.

சிக்கல் அங்கேயே டிசிபி/ஐபி அமைப்பின் ஐபி அட்ரஸ் தாவலின் அடியில், ஐபிஆல் பகுதியில். டைனமிக் போர்ட்ஸ் கட்டத்தில் 0வோ வேறு எண்ணோ இருந்தால் போர்ட்டை (இணைப்பு வாயில் எண்ணை) சர்வரே தெரிவுசெய்யும். அதைக் கல்லாவுக்குச் சொல்ல எஸ்கியூஎல் சர்வர் பிரௌசர் சேவையும் (இணைய உலாவி அல்ல) அது பயன்படுத்தும் யுடிபி 1434 போர்ட்டும் தேவை. இங்கே சேவை நின்றிருந்தது. கட்டத்தை முழுக்க வெறுமையாக்கி, டிசிபி போர்ட்டில் 1433 இட்டு, மீண்டும் மறுதொடக்கம். ஃபயர்வாலில் டிசிபி 1433ஐக் கடையின் உள்வலையமைப்புக்கு மட்டும் திறந்தேன். இணையத்துக்குத் திறக்கவே கூடாது.

கல்லாவில் சர்வர் பெயராக அதன் ஐபி முகவரியும் போர்ட்டும்: 192.168.1.10,1433. நடுவில் காற்புள்ளி, முக்காற்புள்ளி அல்ல. உடனே இணைந்தது.