இஸ்_எர் மட்டும் போதாது: ரஸ்டில் தவறான தரவுக்கு டெஸ்ட் எழுதும்போது

எக்ஸெல் ஷீட்டின் பெயர் 31 எழுத்துக்குறிகளைத் தாண்டக்கூடாது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி போன்ற சில குறிகளும் அதில் வரக்கூடாது. ரஸ்ட் நிரல்மொழியில் எக்ஸெல் கோப்பு எழுத உதவும் ரஸ்ட்_எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் கிரேட்டில் (ரஸ்டில் லைப்ரரிக்குப் பெயர் கிரேட்), இந்த விதியை மீறினால் ஷீட்டுக்குப் பெயர் வைக்கும் செட்_நேம் பிழையைத் திருப்பித் தரும். இதற்கு டெஸ்ட் எழுத ஐந்து நிமிடம் போதும் என்றுதான் தோன்றும்.

நானும் அப்படித்தான் எழுதினேன். ‘விற்பனை விவரம் 01/04/2024 முதல் 31/03/2025 வரை’ என்று ஒரு பெயர் கொடுத்து, டெஸ்டில் நிபந்தனையைச் சரிபார்க்கும் அசர்ட்டுக்குள், ஏதாவது பிழை வந்ததா என்று மட்டும் பார்க்கும் இஸ்_எர் போட்டேன். டெஸ்ட் பாஸ். ஆனால் அந்தப் பெயரில் சாய்கோடும் இருக்கிறதே! நீளத்தைப் பார்க்கும் வரியை நாளைக்கு யாராவது நீக்கிவிட்டாலும், சாய்கோட்டின் புண்ணியத்தில் பிழை வரும். டெஸ்ட் பச்சையாகவே நிற்கும். ஒரு டெஸ்டுக்குள் ஒரே ஒரு தவறை மட்டும் வையுங்கள். அப்புறம், வந்த பிழை எந்த வகை என்று ஒப்பிடும் மேட்சஸ் மேக்ரோவை வைத்து, வந்தது நீளம் மீறியதற்கான ஷீட்நேம்லெங்த்எக்ஸீடட் தானா என்று பாருங்கள். அன்ராப் செய்து (பிழை வந்தால் நிரலை பேனிக் ஆக்கி, அதாவது அங்கேயே நிறுத்திவிடும்), பேனிக் ஆனால்தான் பாஸ் என்று சொல்லும் ஷுட்_பேனிக் போடுவதிலும் இதே ஓட்டைதான். எங்கே பேனிக் ஆனாலும் அது பாஸ் என்றே சொல்லும். எதிர்பார்க்கும் பிழைச் செய்தியை எக்ஸ்பெக்டட் வாசகமாகச் சேர்த்தால் கொஞ்சம் தேவலை.

எல்லையின் இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும்: 32 மறுக்கப்படுவது போலவே 31 ஏற்கப்படவும் வேண்டும். இதில் தமிழ் நமக்கு நல்ல ஆயுதம். நீளத்தைச் சொல்லும் ரஸ்டின் லென் எண்ணுவது எழுத்துக்குறிகளை அல்ல, பைட்டுகளை. ரஸ்ட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ 3 பைட் என்பதால், லைப்ரரியை எழுதியவர் தவறுதலாக லென்னைப் பயன்படுத்தியிருந்தால் 11 ‘அ’வுக்கே மறுத்துவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொடுத்துப் பார்த்தால் இது சிக்கவே சிக்காது. ‘அ’வை 31 முறை ரிப்பீட் செய்து ஒரு டெஸ்ட், 32 முறை இன்னொன்று. ‘க்’ வேண்டாம், அது ‘க’வும் புள்ளியுமாக இரண்டு சார் (ரஸ்டின் எழுத்துக்குறி).

வரிசை எண்ணின் எல்லையைச் சோதிக்கும்போதும் கவனம். ஷீட்டில் 10,48,576 வரிசைகள். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் கடைசி எண் 10,48,575.

எல்லாப் பிழையும் உடனே வந்துவிடாது. இரண்டு ஷீட்டுக்கு ஒரே பெயர் வைத்தால் செட்_நேம் ஒன்றும் சொல்லாது, சேவ் செய்யும்போதுதான் தெரியும். அதற்காக டிஸ்கில் கோப்பு எழுத வேண்டியதில்லை. கோப்பை நினைவகத்திலேயே உருவாக்கும் சேவ்_டூ_பஃபர் தரும் ரிசல்ட்டைப் பார்த்தாலே போதும்.