கீசர் கெட்டதா, கம்பி கெட்டதா?

எங்கள் வீட்டு 2000 வாட் கீசரில் தண்ணீர் சுட அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பார்க்க வந்தவர் தண்ணீரைச் சுட வைக்கும் காயிலை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அண்டை வீட்டிலிருந்து கிளாம்ப் மீட்டரை, அதாவது ஒயரை வெளியிலிருந்து கவ்வியே கரண்டை அளக்கும் கருவியை, வாங்கி வந்தேன். முதலில் இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வவிட்டேன், பூஜ்யம் காட்டியது! போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒற்றை ஒயரில் மாட்டியதும் 7.2 ஆம்பியர். கீசர் ஓடும்போது பிளக்கில் 190 வோல்ட்; அணைத்தால் 228.

190-ஐ 7.2-ஆல் வகுத்தால் 26.4 ஓம். 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் காயிலுக்கு இருக்க வேண்டிய மின்தடையும் அதேதான். ஆக, காயில் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 190 × 7.2 = 1368 வாட்தான் கிடைக்கிறது. காணாமல் போன 38 வோல்ட்டை 7.2-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 274 வாட். அவ்வளவு சூடும் வழியில் எங்கோ!

மெயினை அணைத்து, சுவிட்ச் பெட்டியைக் கழற்றினேன். கரண்ட் திரும்பும் நியூட்ரல் ஒயரின் திருகு தளர்ந்து, செம்புக் கம்பி கருகி, பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. கருகிய நுனியை வெட்டி, புதுச் சாக்கெட் போட்டு இறுக்கினேன். இப்போது 224 வோல்ட், 8.5 ஆம்பியர். 1900 வாட் வருகிறது.