இடம் கிடக்கும், வள்ளம் ஏறாது: நெரிசல் நிலையை வீட்டிலேயே செய்து பார்ப்போம்

தேவிபட்டினம் கரையில் மணலில் இழுத்து ஏற்றிய வள்ளங்களைப் பார்த்தபடி நடந்தால் ஒன்று கண்ணில் படும். இரண்டு வள்ளத்துக்கு நடுவே முக்கால் வள்ளத்துக்கு இடம் கிடக்கும். பிந்தி வந்தவரால் அதில் ஏற்ற முடியாது. முன்னால் ஏற்றியதைத் தள்ளி வைக்க பத்துப் பேர் வேண்டும். காலி இடம் இருக்கிறது, ஆனால் இன்னொன்றுக்கு வழியில்லை. இதுதான் நெரிசல் நிலை. ஏராளமான துகள்கள் சேர்ந்து என்ன செய்யும் என்று கணக்கிடும் புள்ளியியல் இயற்பியலில் இதற்கு இரண்டே விதி: வந்து உட்கார்ந்தது நகராது, ஒன்றின்மேல் ஒன்று ஏறாது.

கணக்கு நோட்டு, 19 துண்டுச் சீட்டு, ஒரு டம்ளர், பென்சில். படி 4 வரை இவ்வளவு போதும்.

படி 1. ஒரே வரிசையில் 20 கட்டம் போட்டு எண் எழுதுங்கள். இது கரை. ஒரு வள்ளத்துக்கு அடுத்தடுத்த 2 கட்டம் வேண்டும்.

படி 2. 1 முதல் 19 வரை சீட்டு எழுதி, ஒரே மாதிரி மடித்து, டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள்.

படி 3. ஒரு சீட்டு எடுங்கள். 7 வந்தால் 7, 8 இரண்டையும் நிரப்புங்கள். இரண்டில் ஒன்று ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த வள்ளம் திரும்பிப் போய்விட்டது. எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட வேண்டாம். ஒருமுறை இடமில்லாத இடத்தில் இனி எப்போதும் இடமில்லை என்பதால் முடிவு மாறாது, வேலை மட்டும் மிச்சம். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நான் எடுத்தபோது 7, 12, 8, 10 என்று வந்தது. 8 திரும்பிப் போனது. 10 வந்து 10, 11-ஐ நிரப்பியதும், 9 அநாதையாகிவிட்டது. இருபுறமும் வள்ளம், நடுவே ஒற்றைக் கட்டம். டம்ளர் காலியானபோது 1, 6, 9, 14 நான்கும் அப்படியே நின்றன. 20-ல் 16 நிரம்பியது.

படி 4. இதையே பத்துத் தடவை செய்து, காலிக் கட்டங்களின் சராசரி எடுங்கள். 3-ஐ ஒட்டி வரும். வரிசையை நீட்டிக்கொண்டே போனால் நிரம்பும் பங்கு 86.47 சதவீதத்தில் போய் நிற்கும். 1939-ல் வேதியியலாளர் பால் ஃபுளோரி கண்ட கணக்கு இது. அவர் பார்த்தது ஒரு வேதிவினை: பிவிசி பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து துத்தநாகம் குளோரினை ஜோடி ஜோடியாகத்தான் பிடுங்கும். ஜோடி இல்லாத குளோரின் தப்பிவிடும், நம் 9-ஆம் கட்டம் போல.

கண்ணால் இடம் பார்த்து நிரப்பாதீர்கள். பிள்ளைகள் இதைத்தான் செய்வார்கள். கை தானாக ஒட்டி ஒட்டி வைக்கும், அநாதைக் கட்டம் குறைந்துவிடும். சீட்டு சொல்வதே இடம்.

படி 5. நிஜக் கரையில் கட்டம் இல்லை, வள்ளம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அப்போது நிரம்பும் பங்கு 74.76 சதவீதமாக இறங்குகிறது. ஹங்கேரியக் கணித அறிஞர் ஆல்ஃபிரட் ரேன்யி 1958-ல் கண்டது. அரை வள்ளம், முக்கால் வள்ளம் என்று எல்லா அளவிலும் இடைவெளி விழுவதால் வீணாவது கூடுகிறது.

படி 6. இனி பரப்பு. வரைபடத்தாளில் ஒரு ரூபாய் நாணயங்களை வையுங்கள். நடுப்புள்ளி எங்கே என்பதைச் செல்போன் தரும் இரண்டு ரேண்டம் எண்கள் சொல்லட்டும். பழையதன்மேல் ஏறினால் எடுத்துவிடுங்கள். வட்டங்களுக்கு நெரிசல் எல்லை சுமார் 54.7 சதவீதம். அதே நாணயங்களைத் தேன்கூடு போல அடுக்கினால் 90.69 வரை போகும். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்ற புரதம் ஒரு பரப்பில் ஒட்டும்போதும் ஏறக்குறைய பாதியோடு நின்றுவிடுவதை 1980-ல் இயற்பியலாளர்கள் ஃபெடரும் ஜியேவரும் பார்த்தார்கள்.

இங்கே பொறுமை வேண்டும். முதல் பத்து நாணயம் சட்டென்று விழும், பிறகு ஒன்று உட்கார ஐம்பது, நூறு முயற்சி ஆகும். எல்லையை நெருங்கிய பிறகு, மிச்சமிருக்கும் குறையைப் பாதியாக்க முயற்சிகளை நான்கு மடங்காக்க வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. அதனால் உங்கள் தாள் 45 சதவீதத்திலேயே நின்றுவிட்டால் தப்பு எதுவும் நடக்கவில்லை. அந்தத் தாளில் இன்னும் ஒரு நாணயத்துக்கு இடம் எங்கே என்று இப்போது கண்ணால் தேடிப் பாருங்கள். இங்கே கண்ணைப் பயன்படுத்தலாம்.