“தனியா அனுப்பியிருக்கேன்”: அலுவலகக் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் அலுவலக யாமரில் (ஊழியர்கள் கேள்வி கேட்டுப் பேசிக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் தளம்; 2023-ல் விவா எங்கேஜ் என்று பெயர் மாறியும் எங்களுக்கு அது யாமர்தான்) புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சந்தேகம் கேட்டிருந்தார். கீழே ஒரே பதில்: “தனியா அனுப்பியிருக்கேன், பாருங்க.” அதற்குக் கீழே, “தேங்க்ஸ் சார், சரியாயிடுச்சு.” படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குட் மார்னிங் படம், எல்லோருக்கும் போகும் பிறந்தநாள் வாழ்த்து இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தெரிந்த கதை.

பொதுவில் வந்த கேள்விக்குத் தனியே பதில்

சில வருடங்களுக்கு முன், வேறொரு நிறுவனம். மாதக் கடைசி, இரவு பதினொரு மணி. சம்பளக் கணக்குப் போடும் ஜாப் (தானாக ஓடும் நிரல்) பாதியில் நின்றுவிட்டது. பிழை எண்ணைக் குழுவில் தேடினேன். அதே எண், அதே கேள்வி, இரண்டு வருடத்துக்கு முன் ஹைதராபாத் கிளையிலிருந்து யாரோ கேட்டது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கீழே போனால், “இன்பாக்ஸ் பாருங்க.”

போட்டவன் நான்.

என்ன சொன்னேன் என்று சுத்தமாக நினைவில்லை. ஆறு மாதம் தாண்டிய தனிச் செய்திகள் அங்கே தானாக அழிந்துவிடும். கேட்டவரும் வேலையை விட்டுப் போயிருந்தார். மூன்று பேர் விடியும் வரை உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்தோம்: காலாவதியான ஒரு டிஜிட்டல் சர்டிபிகேட். பத்து நிமிட வேலை.

ஏன் அப்படிச் செய்தேன்? பொதுவில் எழுதித் தப்பாகிவிட்டால் மேனேஜர் பார்ப்பாரே என்ற பயம்தான். அரைகுறைப் பதிலானாலும் கேள்விக்குக் கீழேயே போடுங்கள். பாஸ்வேர்ட், வாடிக்கையாளர் விவரம் என்றால் மட்டும் தனியே பேசுங்கள். முடித்ததும் திரும்பி வந்து காரணம் ஒரு வரி, தீர்வு ஒரு வரி எழுதுங்கள்.

போன வாரம் யாமரில் கேட்ட அந்தப் பெண்ணிடம், தனியே வந்த பதிலை அங்கேயே ஒட்டச் சொன்னேன். நான்கு வரி. அதில் ஒன்று தப்பு. மதியத்துக்குள் புனே கிளைக்காரர் ஒருவர் திருத்திவிட்டார்.

அரட்டையையே ஆவணக் கிடங்காக நம்புவது

அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். அதே மாதிரியான மெட்டாவின் வொர்க்பிளேஸ் 2016-ல் வந்தது. 2024-லேயே மூடுவிழா அறிவித்துவிட்டார்கள். நல்ல பதில் கிடைத்த அன்றே அலுவலக விக்கியில் (எல்லோரும் எழுதித் திருத்தும் குறிப்புப் பக்கங்கள்) ஏற்றுங்கள்.

பிழையை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் போடுவது

எண்ணைத் தட்டச்சும் செய்யுங்கள். படத்துக்குள் இருப்பது தேடலில் பெரும்பாலும் சிக்காது.

லைக்கை எண்ணுவது

வேண்டாம்.