பழைய கருவிகளில் துரு எடுக்கும்போது செய்யக்கூடாதவை: முதலில் அந்த கிரைண்டரை நிறுத்துங்கள்

சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் இப்போது இளவட்டங்களை அடிக்கடி பார்க்கிறேன். குவியலைக் கிளறி உளி, இழைப்புளித் தகடு, கொடுவாள், வாய்ச்சி என்று எதையாவது எடை போட்டு வாங்கிப் போகிறார்கள். ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்கள் தாத்தா காலத்துக் கவாத்துக் கத்தியைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள். உருக்குக்குப் போக வேண்டிய நல்ல இரும்பு திரும்ப ஒரு கைக்கு வருகிறதே என்று மனசு நிறைந்துவிடும். ஆனால் வேலை முடித்து எடுத்து வந்து காட்டும்போது பாதிப் பேரின் கருவி கெட்டுப்போய்தான் வருகிறது, அதுவும் ஆரம்பத்தில் நானும் என்னோடு பழகியவர்களும் செய்த அதே தவறுகளால். அதனால்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி போடுங்கள், தூசி மூக்கில் போகாமல் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: கிரைண்டரில் சுற்றும் சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் துணிக் கையுறை போடாதீர்கள், மாட்டினால் விரலோடு இழுக்கும்.

கிரைண்டரில் பிடித்து நீலமாக்குவது

இதைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற தவறுகள் கருவியை அசிங்கமாக்கும், இது கருவியைக் கொன்றுவிடும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவர், தாத்தாவின் உளி ஒன்றைக் கொண்டு வந்தார். அகலமான பட்டை உளி, கனமான பழைய வேலை, ஒரு பொட்டுத் துரு இல்லை. "பாருங்கண்ணா, எப்படிப் பளபளன்னு ஆக்கிட்டேன்" என்றார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வாய், அதாவது வெட்டும் முனை, முழுக்க வெள்ளையாக மின்னுகிறது. ஆனால் சரிவு முடிகிற ஓரத்தில், உப்புத்தாள் எட்டாத மூலையில், தலைமுடி அகலத்துக்கு ஊதாக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, கிரைண்டர்ல புடிச்சீங்களா?"

"ஆமாங்கண்ணா, கொஞ்ச நேரம்தான். வாயில நிறைய கொத்து விழுந்திருந்துச்சு."

"நீலமாச்சா?"

"லேசா ஆச்சுங்க. உடனே தண்ணியில முக்கிட்டேன். அப்புறம் உப்புத்தாள் போட்டதுல அந்தக் கலர் போயிருச்சு."

சின்ன அரம் ஒன்றை எடுத்து வாயின் மூலையில் மெல்ல ஓட்டினேன். பதம், அதாவது சூடு காட்டி ஏற்றிய கடினம், உள்ள உளி என்றால் அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அதிகம் போனால் லேசாகத்தான் சுரண்டும். இதில் அரம் நறநறவென்று இறங்கித் தூள் தூளாக எடுத்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது, எனக்கும் மேற்கொண்டு பேசப் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். பழைய உளி, இழைப்புளித் தகடு, கத்தி எல்லாம் பெரும்பாலும் கார்பன் எஃகு. கொல்லர் அதை உலையில் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவார். அப்போது அது மிகவும் கடினமாகிவிடும், கீழே விழுந்தால் உடையும். அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்த மறுபடி மெதுவாகச் சூடு காட்டுவார். உளி மாதிரி வெட்டும் கருவிக்கு இந்த இரண்டாவது சூடு ஏறக்குறைய 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை போதும். தேய்த்துச் சுத்தமாக்கிய எஃகின் மேல் அப்போது வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடும். சூடு ஏற ஏற அது பழுப்பாகும், ஊதாவாகும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். நீலம் என்பது ஸ்பிரிங்குக்கும் ரம்பத் தகட்டுக்கும் ஏற்ற பதம். உளிக்கு அது கூடாது. நீலம் வந்த இடம் அந்த நொடியிலேயே மெத்தென்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீரில் முக்குவதால் ஒரு பயனும் இல்லை, ஏற்கெனவே நடந்துவிட்டது.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது அந்த உப்புத்தாள்தான். நீலம் என்பது எஃகின் மேல் சூட்டில் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். அதை இரண்டு இழுப்பில் எடுத்துவிடலாம். படலம் போகும், உள்ளே போன பதம் திரும்பாது. என்ன நடந்தது என்று சொல்லும் ஒரே அடையாளம் அந்த நிறம்தான், அதையும் அழித்துவிட்டால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? பழைய கருவியைப் பளிச்சென்று ஆக்கி நல்ல விலைக்கு விற்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வேங்கைக் கட்டையில் நாலு அடி அடித்தால் வாய் மடங்கும். வாங்கியவர் "பழைய இரும்பே இப்படித்தான்" என்று பழியை அதை அடித்துக் கொடுத்த கொல்லர் மேல் போட்டுவிட்டுப் புது உளி வாங்கப் போய்விடுவார். இதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

லேத் பட்டறையில் வேலை செய்யும் நண்பர்கள் "தினம் டிரில் பிட் பிடிக்கிறோம், நீலமானாலும் ஒன்றும் ஆவதில்லையே" என்று வாதாடுவார்கள். அவர்கள் சொல்வது அவர்களுடைய டிரில் பிட்டுக்குச் சரி. அது ஹைஸ்பீடு ஸ்டீல், 500 டிகிரிக்கு மேலும் கடினம் குறையாமல் தாங்கும் கலவை. தாத்தாவின் உளி அந்த ஜாதி இல்லை.

சாதாரண 6 அங்குல மேசை கிரைண்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். கல்லின் விளிம்பு நொடிக்கு 20 மீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் உரசுகிறது. உளியின் வாய் மெலிந்துகொண்டே போகிற இடம், அங்கே பிறக்கும் சூடு ஓடிப்போக இரும்பு இல்லை. அதனால் கருவியின் உடம்பு கைக்கு இதமாக இருக்கும்போதே நுனி வெந்துவிடும். காலால் மிதித்துச் சுற்றும் சாணை, தண்ணீர் விட்டுப் பிடிக்கும் சாணை இவற்றிலெல்லாம் இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டை மாட்டி வாயைத் தொடுவது எல்லாவற்றையும் விட மோசம்.

கிரைண்டரைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் வெறும் விரலை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். விரலுக்குச் சுடுகிறது என்றால் உடனே தண்ணீர். வாயில் ஒட்டிய தண்ணீர்த் துளி கொதித்துப் பறக்கும் வரை விடாதீர்கள். கல்லின் முகம் அடைத்துப்போய் வழவழவென்று இருந்தால் அது வெட்டாது, சூட்டைத்தான் கிளப்பும், டிரஸ்ஸர் என்ற கல் சீவும் கருவியைப் போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டு ஆரம்பியுங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கிரைண்டருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது கைக்கல்லின் வேலை.

இதே தவறுக்குக் கிராமத்து வடிவம் ஒன்று உண்டு. கொடுவாளின் குழலில் உடைந்த கட்டை மாட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்கச் சோம்பல்பட்டு முழுக் கருவியையும் அடுப்பில் போட்டு எரிப்பார்கள், துருவும் சேர்ந்து உதிரும் என்று. உதிரும்தான், பதமும் சேர்ந்து போகும். கட்டையில் நாலைந்து துளை போட்டுச் சில்லுச் சில்லாக எடுங்கள், அரை மணி நேர வேலை.

பழைய கருவிகள் பலவற்றில் முழு உடம்பும் எஃகு கிடையாது. மெது இரும்பில் உடம்பை அடித்து, வாய்க்கு மட்டும் எஃகுத் துண்டு வைத்துச் சேர்த்திருப்பார்கள். நீலமான பகுதி 4 மில்லிமீட்டர் என்றால் அதைத் தேய்த்துத் தள்ளிவிட்டு உள்ளே போகலாம், நல்ல எஃகு கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த உளியில் மிச்சமிருக்கும் எஃகே ஒரு விரற்கடை அளவுதான். அதில் 4 மில்லிமீட்டர் என்பது அந்த உளியின் ஆயுளில் எத்தனை வருஷம் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு வழி, உலை வைத்திருக்கும் கொல்லரிடம் கொடுத்துப் புதிதாகப் பதம் வைப்பது. காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது 770 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சி, முக்கி, மறுபடி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். நன்றாகச் செய்தால் உளி பிழைக்கும். ஆனால் அப்படிப் பார்த்துச் செய்கிற கை இப்போது எல்லா ஊரிலும் இல்லை.

நம் ஊர் ஆட்கள் இதைச் செய்யும்போது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. கஞ்சமலையில் இருப்பது இரும்புத் தாது. மூசை என்ற மண் குடுவையில் வைத்து எஃகு உருக்கும் தொழில் சேலம் வட்டாரத்தில் 19-ம் நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருந்தது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டு போனார்கள். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு எஃகையும் தகரத்தையும் ஒரே மாதிரி கிரைண்டரில் கொடுக்கலாமா?

பாத்ரூம் கழுவும் ஆசிட்

துரு சீக்கிரம் போகும் என்று ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் அது தின்னும். ரம்பம் மாதிரி முறுக்கான மெல்லிய எஃகில் ஹைட்ரஜன் இறங்கி, வளைக்கும்போது விரிசல் விடவும் கூடும். அதைவிட, மூடி சரியாக மூடாத அந்தப் பாட்டிலைப் பட்டறையிலேயே வைத்தால், அதன் ஆவி பட்டு மற்ற கருவிகளெல்லாம் ஒரு வாரத்தில் செம்பழுப்பாகும். பக்கத்தில் ஆசிட் பாட்டில் இருப்பது தெரியாமல் "எண்ணெய் போட்டும் துரு வருது" என்று புலம்புகிறவர்கள் உண்டு.

வினிகர் போதும், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் ஆசிட்டும் போதும். ஆனால் ஊறப்போட்டு மறந்துவிடாதீர்கள். சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து இரும்பு பிரஷால் தேய்த்துப் பாருங்கள், துரு கழன்றதும் வெளியே எடுத்துவிட வேண்டும். ரெண்டு மூன்று நாள் கிடந்தால் மேல்பரப்பு முழுக்க அரித்துச் சாம்பல் நிறமாகிவிடும். எடுத்ததும் சோடா உப்புக் கரைசலில் அலசி, சூடான தண்ணீரில் கழுவி, அப்போதே துடைத்து எண்ணெய். டீ குடித்துவிட்டு வந்து துடைக்கலாம் என்றால் வருவதற்குள் மஞ்சள் துரு பூத்திருக்கும்.

எவர்சில்வர் தட்டில் கரண்ட் கொடுப்பது

பேட்டரி சார்ஜர், சலவைச் சோடாக் கரைசல், கருவியை நெகட்டிவில் மாட்டுவது: இப்படிக் கரண்ட் விட்டுத் துரு எடுப்பது நல்ல முறை, அடியில் இருக்கும் உலோகத்தைத் தின்னாது, பதத்தையும் தொடாது. பாசிட்டிவில் மாட்ட ஏதாவது ஒரு பழைய தகடு வேண்டும். சேலத்தில் எவர்சில்வர் துண்டுக்குப் பஞ்சமே இல்லை, ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் ஆலையே இங்கே இருக்கிறது, அதனால் கையில் கிடைத்த எவர்சில்வர் தட்டையே மாட்டிவிடுகிறார்கள். துருப்பிடிக்காதே, நீண்ட நாள் வருமே என்று.

வேண்டாம். அதில் இருக்கும் குரோமியம் தண்ணீரில் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாறும். தண்ணீர் மஞ்சளடித்தால் அதுதான் அறிகுறி. அதைத் தோட்டத்தில் ஊற்றுவதை நினைத்தாலே பதறுகிறது. துத்தநாகப் பூச்சு இல்லாத சாதா இரும்பு, கட்டடத்துக் கம்பித் துண்டு, இது போதும். உப்பும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். இணைப்பை மாற்றிக் கொடுத்தால் கரைவது உங்கள் கருவி. ஹைட்ரஜன் கிளம்பும் வேலை இது, திறந்தவெளியில் வைத்துச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் கண்ணாடி போல ஆக்குவது

செந்துருவை எடுங்கள். அதற்கு அடியில் இறுகிக் கிடக்கும் கருமையை விட்டுவிடுங்கள், அது இரும்பைக் காக்கிறது. பழைய இங்கிலாந்து உளிகளில் செய்தவர் முத்திரையும் 'காஸ்ட் ஸ்டீல்' என்ற எழுத்தும் இருக்கும். அது மூசையில் உருக்கிய எஃகு என்பதற்கான அடையாளம். கம்பிச் சக்கரத்தையும் முரட்டு உப்புத்தாளையும் போட்டு அதை மழித்துவிட்டு, பிறகு "இது எந்த ஊர் உளி?" என்று கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வேன்? பளபளப்பு வேண்டிய இடங்கள் இரண்டே: வாய், அதற்கு நேர் பின்னால் இருக்கும் தட்டைப் பக்கம்.

தட்டைப் பக்கத்தை விட்டுவிடுவது

அதில் குழி இருக்கும் வரை கூர் நிற்காது. அவ்வளவுதான்.

ரம்பப் பற்களின் மேல் கம்பிச் சக்கரம்

கூடவே கூடாது.

சமையல் எண்ணெய் பூசி வைப்பது

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றும் நாளாக நாளாகப் பிசுபிசுவென்று ஒட்டும், தூசியைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் அப்படிப் பிசுக்காகாது, சேலத்தில் தாராளமாகப் பூசலாம், ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசினால் போதும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். கீழே காய்ந்த காற்றில் சுத்தம் செய்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டுபோகும் கருவி, அங்கே மூடுபனியில் ஒரே ராத்திரியில் வியர்த்துவிடும். சாக்குப் பையிலோ தோல் உறையிலோ போட்டு வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுவதும் அதே கதைதான். சுவரை ஒட்டாமல், காற்றுப் படும்படி மரச் சட்டத்தில் மாட்டி வையுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒரு தரம் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள், கைப்பிடிக்குள் நுழையும் கழுத்துப் பகுதியையும் சேர்த்து. துரு திரும்ப ஆரம்பிப்பது எப்போதும் அங்கேதான், கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில்.