சாக்கில் கொக்கி போட்டு ஒரு கால்மிதி

முத்தியால்பேட்டையில் என்னிடம் கால்மிதி செய்யப் பழக வருகிறவர்களிடம் முதலில் பழைய பனியன்தான் கேட்பேன், ஓரம் பிரியாது. ஒரு சென்டிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டுங்கள். சணல் சாக்கைச் சட்டத்தில் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா, கனடாவில் இந்தக் கைவேலை பரவியதில் இந்தியச் சணலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இடது கை சாக்குக்கு அடியில் நாடாவைப் பிடித்திருக்கட்டும். மேலிருந்து, நுனியில் கொக்கியுள்ள தடித்த குரோஷா ஊசியை விட்டு, நாடாவை வளையமாக மேலே இழுங்கள். இழுக்கும்போது ஊசியின் முதுகால் துளையைக் கொஞ்சம் அகட்டினால் சணல் இழை சிக்காது. எல்லாத் துளையிலும் குத்தினால் கால்மிதி வளைந்துவிடும். ஒன்றிரண்டு விட்டுக் குத்துங்கள். முடிச்சே வேண்டாம், நெருக்கம் பிடித்துக்கொள்ளும்.

பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சாக்கைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். நாடா ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.